ஒப்பாரிப் பெட்டி

எங்கள் முகாமுக்கு வந்த இயந்திரத்தின் அதிகாரப்பூர்வமான பெயர் துயரளவி. நிவாரண மையத்தின் விளம்பரப் படங்களில் பளபளவென்று நீல நிறத்தில், பக்கத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்க, லட்சணமாக இருக்கும். நேரில் பார்த்தால் மாவரைக்கும் கிரைண்டருக்கு வாய் முளைத்த மாதிரி இருந்தது. முகாமில் ஒருவரும் அதைத் துயரளவி என்று சொன்னதில்லை. வந்த அன்றைக்கே ஒப்பாரிப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அழுதால் அரிசி கொடுக்கிற பெட்டிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

நான் மகிழினி, அந்த முகாமின் பொறுப்பதிகாரி. பெயருக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கே தெரியும். யாரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டாம்.

புயல் கரையைக் கடந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. பனைமேட்டுக்குப்பத்தில் கடலோரத் தெரு முழுதாகப் போய்விட்டது. மிஞ்சிய நாற்பது சொச்சம் பேரை நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபம் ஒன்றில் தங்கவைத்திருந்தோம். மணமேடையில் மாப்பிள்ளை, பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டும் அப்படியே கிடந்தன. அவற்றுக்கு நடுவேதான் பெட்டியை வைத்தோம், உருப்படியாக மின்சாரம் வந்த ஒரே இடம் அதுதான். புதிதாக உள்ளே வருகிறவர்கள் பெட்டிக்கு முகூர்த்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒழுங்குபண்ணுவது. தண்ணீர் கேன்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வர வேண்டுமே. அதில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு, பெரிய ஆண்பிள்ளைச் செருப்பு, எப்போது பார்த்தாலும் நட்ட நடுவாசலில்தான் கிடக்கும். ஓரமாகத் தள்ளிவைப்பேன். மறுநாள் பார்த்தால் மறுபடி நடுவாசலில் இருக்கும். எந்த ஒழுங்கு கெட்ட மனுஷனுடையதோ என்று திட்டிக்கொண்டே தள்ளிவைப்பேன்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் கேட்டவர் வேந்தன் அண்ணன். வலை பின்னுகிறவர். வலை போய்விட்டதால் கைக்கு வேலையில்லை, வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

“மேடம், எனக்குப் பசிச்சா எனக்குத் தெரியுது. அதை எதுக்கு இந்தப் பொட்டிகிட்ட கேக்கறீங்க?”

“உங்களுக்குத் தெரியும் அண்ணே. சாமான் அனுப்பறவங்களுக்கும் தெரியணும்ல? உலகத்துல ஒரே நேரத்துல எத்தனை புயல், எத்தனை சண்டை, எத்தனை முகாம்! முன்னாடியெல்லாம் டிவிக்காரங்க எந்த ஊருக்குப் போனாங்களோ அந்த ஊருக்குத்தான் லாரி போச்சு. சத்தம் போடத் தெரியாதவங்க பட்டினி கிடந்தாங்க. அதுக்குத்தான் இப்ப எல்லார் கையிலயும் ஒரு பட்டை. நாடி, வியர்வை, தூக்கம் எல்லாத்தையும் பாத்து, மனசு எவ்வளவு கஷ்டப்படுதுன்னு கணக்குப் போடும். எல்லாத்தையும் சேத்து முகாமுக்கு ஒரு எண் குடுக்கும்.”

“எண்ணு பெருசா இருந்தா?”

“நாப்பதுக்கு மேலன்னா முழு நிவாரணம். கீழ இறங்கினா பாதி.”

“இன்னும் கீழ?”

“பத்துக்குக் கீழ போய் ஒரு மணி நேரம் அங்கயே நின்னா, நீங்க எல்லாரும் தேறிட்டீங்கன்னு அர்த்தம். முகாமை மூடச் சொல்லி உத்தரவு தானா வந்துடும். அதை நானும் நிறுத்த முடியாது, எனக்கு மேல இருக்கறவங்களும் நிறுத்த முடியாது. மனுஷன் கை வச்சா வேண்டியவன், வேண்டாதவன்னு பாரபட்சம் வந்துடும்னு அப்படி வச்சிருக்காங்க.”

அவர் தன் கையிலிருந்த மெல்லிய ரப்பர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆக, சிரிச்சா வூட்டுக்கு அனுப்பிடுவீங்க. வூட்டையும் நீங்களே குடுத்து அனுப்புனா, நான் இன்னைக்கே சிரிக்க ரெடி.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, “இம்முகாமின் துயர அளவு இரண்டு புள்ளிகள் குறைந்துள்ளது” என்றது.

நான் அந்தப் பெட்டியை நம்பினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நியாயமான ஏற்பாடு என்றே நினைத்தேன். முகாம்காரர்களும் முதலில் ஒத்துழைக்கத்தான் பார்த்தார்கள். முதல் வாரம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். எண் இறங்கியது! கூடி உட்கார்ந்து பாடியதில் அவர்களுக்கு மனசு லேசாகிவிட்டதாம். டிவி சீரியல் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுததையும் பெட்டி பொழுதுபோக்குக் கணக்கில்தான் சேர்த்தது. போலியை அது அறவே ஏற்காது. கடைசியில் வேறு வழியில்லாமல், பகல் பொழுதில் வேந்தன் அண்ணன் வாயைத் திறக்கக்கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டேன். அவர் உள்ளே நுழைந்தாலே எண் சரிந்தது.

எங்கள் எண் இருபதை ஒட்டி ஊசலாடிக்கொண்டிருந்தது. தற்காலிக வீடுகள் தை மாதம்தான் வரும். நடுவில் கார்த்திகை மழை முழுதாகப் பாக்கி. முகாமை மூடினால் இத்தனை பேரும் கூரையில்லாத மணல்மேட்டுக்குப் போக வேண்டும். அதில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. அவள் பெயர் தன்ஷிகா. அவளுடைய மாமியார் வினோதினி அத்தைதான் ஒரு நாள் காலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் மேஜைக்கு முன் வந்து நின்றார்.

“மேடம், பொண்ணுக்கு ஒம்பது நடக்குது. வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு போடலாம்னு இருக்கோம். மேடை மேல இருக்கற அந்தப் பொட்டிய கொஞ்சம் ஓரமா நகத்தி வச்சீங்கன்னா, நாக்காலி ஒண்ணு எங்களுக்கு உதவும்.”

“அத்தை, இப்ப போய் வளைகாப்பா? எல்லாரும் சந்தோஷமா இருந்தா எண் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அடுத்த மாசம் வச்சுக்கக் கூடாதா?”

“அடுத்த மாசம் புள்ளையே பொறந்துடுமே. ஏழுல போட்டிருக்கணும், அப்பதான் புயல் அடிச்சிச்சு. எட்டுல போட மாட்டாங்க. ஒம்பத விட்டா வழியில்ல.”

“சரி, வச்சுக்குங்க. ஆனா கொஞ்சம்... சோகமா வச்சுக்குங்களேன்.”

அத்தை என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“வாயும் வயிறுமா இருக்கறவ முன்னாடி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கச் சொல்றீங்களா? அவ மனசு குளிரணும்னுதான் இந்தச் சடங்கே. பொட்டிக்குப் பயந்து புள்ளையோட வளைகாப்ப எழவு வூடு மாதிரி பண்ணணுமா?”

காலையில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், பந்தியில் வேந்தன் அண்ணனைப் பேசவிடக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் போட்டு ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நிவாரண அரிசியில் எலுமிச்சை சாதமும் புளி சாதமும் தயிர் சாதமும் தயாராகின. வேரோடு சாய்ந்துகிடந்த வேப்பமரத்திலிருந்து கொத்து ஒடித்து வேப்பிலைக் காப்பு செய்துவிட்டார்கள். எல்லாம் கூடிவந்தது, வளையலைத் தவிர. டவுனுக்குப் போகும் பாலம் இடிந்து கிடந்ததால் கண்ணாடி வளையல் வாங்கப் போன ஆள் வெறுங்கையோடு திரும்பியிருந்தான். அந்தச் சேதி எனக்குத் தெரியாது. நான் வாசலில் தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி உள்ளே வந்து பார்த்தால், வெல்வெட் நாற்காலியில் தன்ஷிகா கன்னமெல்லாம் சந்தனமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை வரிசையாகப் பட்டைகள். முகாமில் இருந்த அத்தனை பேருடைய துயரப் பட்டைகளும்!

“அத்தை! என்ன இது?”

“வளையல் இல்லாம வளைகாப்பா? கையில இருந்ததப் போட்டோம். ஆம்பளைங்க, புள்ளைங்க பட்டையையும் கழட்டி வாங்கியாச்சி. ரெண்டு கையும் நெறஞ்சி அம்சமா இருக்குல்ல?”

“பட்டை உடம்பை விட்டு இறங்கினா ரேஷன் நின்னுடும்னு சொன்னேனே!”

“எங்க எறங்குச்சி? இந்தக் கையில இருந்து அந்தக் கைக்குப் போச்சி. பொட்டி ஒண்ணும் சொல்லலயே.”

உண்மைதான், பெட்டி ஒன்றுமே சொல்லவில்லை. பட்டை ஓர் உடம்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு முகாமே தன் பட்டைகளைக் கழற்றி ஒருத்தி கையில் பூட்டும் என்று அதைச் செய்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இப்போது பனைமேட்டுக்குப்பத்தின் மொத்தத் துயரமும் தன்ஷிகா என்கிற ஒரே பெண்ணின் நாடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவளோ கைகளை ஆட்டி ஆட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இம்முகாமின் துயர அளவு பன்னிரண்டு.”

கழற்றச் சொல்லலாம் என்று மேடையை நோக்கி நடந்தபோது, தூணோரம் நின்ற சுகன்யாவைப் பார்த்தேன். புயலன்று படகை இழுத்துக் கட்டப் போன அவள் கணவன் அன்பரசன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவள் தன் கையால் வளையல் பூட்டலாமா கூடாதா என்று ஊருக்கும் தெரியவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. தன் பட்டையைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்த அந்த நிமிஷத்தில் தன்ஷிகா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தே...” என்றாள். விடியலிலிருந்தே இடுப்பு வலித்திருக்கிறது. சொன்னால் வளைகாப்பு நின்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அழுத்தக்காரி.

பெட்டி அதுவரை நான் கேட்டிராத குரலில் அலறியது. “துயர அளவு தொண்ணூற்றாறு! பேரிடர்! பேரிடர்!”

பெண்கள் அவளை மணமகள் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. தலைமையகத்திலிருந்து மேலதிகாரி சந்திரமோகன் சார்.

“மகிழினி! அங்க என்னம்மா ஆச்சு? சண்டை நடக்கற ஊர்லகூட இப்படி ஒரு எண்ணை நான் பாத்ததில்லயே!”

“சார், அது வந்து...”

“இரு, இரு, இறங்குது. அப்பாடா. ஐயோ, மறுபடி ஏறுதே! அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல ஏறி ஒரே நேரத்துல இறங்குது. விஷவாயு ஏதாவது கசியுதா?”

“விட்டு விட்டுத்தான் சார் வரும்.”

“என்னது?”

“ஒண்ணுமில்ல சார். அவசரமா ஒரு டாக்டரை அனுப்புங்க. லேடி டாக்டரா இருந்தா ரொம்ப நல்லது.”

அவர் ஒரு டாக்டரோடு நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு ஹெலிகாப்டர்கள் இறங்கின. ஆளுக்கொரு ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் உருளைகள், கூடாரங்கள், வானத்தில் போர்வை மூட்டைகளோடு வட்டமிடும் ட்ரோன்கள். முகமூடி மாட்டிக்கொண்டு ஓடிவந்த டாக்டர் நஸ்ரீன் வாசலில் என்னைப் பிடித்து உலுக்கினார்.

“பாதிக்கப்பட்டவங்க எங்க?”

“மணமகள் ரூம்ல ஒருத்தங்க.”

“மத்தவங்க?”

“பந்தியில.”

டாக்டர் எட்டிப் பார்த்தார். ஆண்கள் எலுமிச்சை சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆக்சிஜன் உருளையைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகமூடியைக் கழற்றினார். பேரிடர் என்றார்களே என்று அவர் ஆரம்பித்ததுமே, வினோதினி அத்தை கதவிடுக்கில் தலையை நீட்டி, “தலப்பிரசவம்மா, சின்ன விசயமா? சீக்கிரம் வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பட்டைகளைக் கழற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, “வளைகாப்பு வளையல கழட்டக் கூடாது” என்று அத்தை ஒரே போடாகப் போட்டதும் வெளியே கேட்டது.

மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. இப்போது சொன்னால் வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் டாக்டர் வெளியே வந்து என்னிடம் தனியாகச் சொன்னது வேடிக்கையாக இல்லை. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். அவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாதாம்.

அழுகைச் சத்தம் கேட்டதும் முகாமே மிதந்தது. தன்ஷிகா குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கினாள். அவள் கைகளில் இருந்த அத்தனை பட்டைகளும் அந்த ஒரு நொடியைப் பெட்டிக்கு அனுப்பின.

“இம்முகாமின் துயர அளவு இரண்டு,” என்றது பெட்டி, தேன் ஒழுகும் குரலில். “இம்முகாம் மீண்டுவிட்டது. வாழ்த்துகள். இந்நிலை ஒரு மணி நேரம் நீடித்தால் முகாம் இன்று மாலை மூடப்படும்.”

வானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்த ட்ரோன்கள் போர்வைகளோடு அப்படியே திரும்பிப் போயின. மேற்கே மழை கறுத்துக்கொண்டு நின்றது.

“பட்டைகளைத் திருப்பி எடுத்துப் போட்டுக்குங்க!” என்று கத்தினேன். ஆளாளுக்கு ஓடிப்போய்த் தங்கள் பட்டையை மாட்டிக்கொண்டார்கள். எண் ஆறு. குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அத்தனை பேர் முகத்திலும் வழிந்த பூரிப்பை எந்தப் பட்டையாலும் மறைக்க முடியாது.

“எல்லாரும் கொஞ்சம் கஷ்டமானதை நினைச்சுக்குங்க. தயவுபண்ணி!”

“நான் ஒண்ணு சொல்றேன்,” என்று வேந்தன் அண்ணன் முன்னால் வந்தார். “எங்க மாமனாரு செத்தப்ப...” என்று சோகமாகத்தான் தொடங்கினார். பாடையில் இருந்த மாமனார் தும்மிவிட்டார் என்கிற இடத்துக்கு வந்தபோது ஆட்கள் தரையில் விழுந்து சிரித்தார்கள். எண் நான்கு.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிரசவித்த பெண்ணையும் பச்சைக் குழந்தையையும் இந்த மழையில் மணல்மேட்டுக்கு அனுப்பும் உத்தரவை நான்தான் படிக்க வேண்டும். நடந்ததைத் தலைமையகத்தில் சொன்னால் பட்டையை வைத்து ஏமாற்றினார்கள் என்று முகாமையே கறுப்புப் பட்டியலில் போடுவார்கள். பேசாமல் மணமேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வினோதினி அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

“ஏய், எல்லாரும் இங்க வாங்க. இந்த மண்டபத்துலயே கஷ்டத்துல இருக்கற மூஞ்சி ஒண்ணே ஒண்ணுதான். மேடத்தத் தூக்கி நாக்காலியில உக்கார வைங்க!”

நான் திமிறினேன். யார் கேட்டார்கள்? கல்யாணமே ஆகாத என்னை வெல்வெட் நாற்காலியில் உட்காரவைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். அத்தை தன் பட்டையைக் கழற்றி என் கையில் மாட்டினார். அடுத்து ஒருத்தி, அடுத்து ஒருத்தி. எண் பதினைந்து வரை ஏறியது. ஆனால் யாரோ, “நலங்கு பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்கடி” என்று சொல்ல, எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று ஒன்பதுக்கு இறங்கியது.

“சிரிக்காதீங்க மேடம்!” என்று நாலா பக்கமும் கத்தினார்கள். அதைக் கேட்டு இன்னும் சிரிப்பு வந்தது.

அப்போது சுகன்யா தூணை விட்டு வந்தாள். இந்த முறை யாரிடமும் கொடுத்துப் போடச் சொல்லவில்லை. என் முன்னால் மண்டியிட்டு, தன் பட்டையைத் தானே என் கையில் ஏற்றினாள். ஏற்றிவிட்டுக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், வாசல்ல ஒரு நீலச் செருப்பு கெடக்கும்ல?”

“ஆமா.”

“அது அவரோடது. அல வூட்டையே கொண்டுபோச்சி, அத மட்டும் வுட்டுட்டுப் போச்சி. உள்ளதான் இருக்கோம்னு அவருக்கு அடையாளம் தெரியணும்ல, அதான் தெனம் நடுவுல வைக்கறேன். காலையில பாத்தா யாரோ ஓரமா தள்ளி வச்சிடறாங்க.”

பெட்டி ஏதோ எண்ணைச் சொன்னது, என்ன சொன்னது என்று நான் கவனிக்கவில்லை.

“இத்தனை நாளா ஏன் சுகன்யா சொல்லல?” என்று கேட்டேன்.

“அரிசிக்காக அதச் சொல்ல மனசு வரல மேடம்.”

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் பட்டையை மாட்டும்போது என் காதருகே குனிந்து ஒன்று சொன்னார்கள். சிலர் ஒரு வார்த்தைதான் சொன்னார்கள், ஒரு பெயர் மட்டும். ஒரு சின்னப் பெண் தன் ஆட்டுக்குட்டி எந்தப் பக்கம் ஓடியது என்று கையால் காட்டினாள். இத்தனை வாரம் ஒரே கூரையின் கீழ் இருந்து எண்ணைப் பார்த்தேனே தவிர, இதில் ஒன்றையும் நான் கேட்டதில்லை. பெட்டி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். அவர்களும் பெட்டியிடம் சொல்லவில்லை. கேட்க ஒரு மனுஷி நாற்காலியில் உட்கார்ந்ததும் கொட்டிவிட்டார்கள்.

கடைசியில் வேந்தன் அண்ணன் வந்தார். வழக்கம்போல ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் பார்த்தோம்.

“எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல மேடம்,” என்றார். “நான் பேச்ச நிறுத்தினா அல சத்தம் கேக்குது. அவ்ளோதான்.”

நான் விக்கி விக்கி அழுதேன். வெட்கமே இல்லாமல், சந்தனம் கரைந்து வழிய, ஊர் பார்க்க அழுதேன்.

“இம்முகாமின் துயர அளவு அறுபத்தெட்டு,” என்றது பெட்டி. “மீள்வு அறிவிப்பு திரும்பப் பெறப்படுகிறது. தற்காலிக வீடுகள் வந்து சேரும்வரை முகாம் நீடிக்கும்.”

யாரும் கைதட்டவில்லை. அத்தை மட்டும் உள்ளே போய்க் குழந்தைக்கு இன்னொரு போர்வையைச் சுற்றிவிட்டு வந்தார்.

போன் அடித்தது. சந்திரமோகன் சார் குரல் ஜாக்கிரதையாக இருந்தது.

“மகிழினி, அத்தனை பேர் நாடியும் ஒரே மாதிரி அடிக்குது. இது கூட்டம் இல்ல, ஒரே ஆள்னு கணினி சந்தேகப்படுது. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

பொய் சொல்ல நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. “ஒரே ஆள்தான்னு சொல்லுங்க சார். காலைல பிரசவ வலியில இருந்த பொண்ணு. இப்ப நான்.”

அந்தப் பக்கம் அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“பட்டையைக் கழட்டினா கறுப்புப் பட்டியல்னு விதி இருக்கேம்மா.”

“உடம்பை விட்டு இறங்கக் கூடாதுன்னுதான் சார் விதி. இறங்கவே இல்ல. யார் உடம்புன்னு விதியில போடல.”

“அப்படியா? நான் படிச்சுப் பாக்கணும்.” அவர் கனைத்துக்கொண்டார். “நான் ரொம்ப மெதுவாப் படிக்கிறவன். முடிக்கறதுக்குள்ள தை பொறந்துடும். குழந்தை என்னம்மா?”

“பொண்ணு சார்.”

“நல்லது,” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சிடுமூஞ்சி மனிதர்மேல் எனக்கு முதல்முறையாகப் பிரியம் வந்தது.

கூட்டம் கலைந்து மீதிப் பந்தி நடந்தது. நான் மட்டும் பட்டைகளைச் சுமந்துகொண்டு நாற்காலியிலேயே கிடந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. பெட்டி என் பக்கத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. “உடனடி உதவி தேவைப்படுகிறது. உதவி வந்துகொண்டிருக்கிறது. உடனடி உதவி தேவைப்படுகிறது...”

வந்தது. வினோதினி அத்தை கையில் ஒரு தட்டு, தட்டில் மூன்று வகை சாதம், ஓரத்தில் ஓர் அப்பளம்.

“காலையிலேருந்து பாத்துக்கினுதான் இருக்கேன், பச்சத் தண்ணி பல்லுல படல. மொதல்ல சாப்பிடு கண்ணு.”

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மறுபடி கண் நிறைந்தது. கையெல்லாம் பட்டையாக இருந்ததால் அவரே பிசைந்து ஒரு வாய் ஊட்டினார். புளி சாதத்தில் உப்பு தூக்கலாக இருந்தது, அதைச் சொன்னேன். பின்னால் வந்து நின்ற வேந்தன் அண்ணன், “அது உங்க கண்ணீரு மேடம், சமையல்காரன் மேல பழி போடாதீங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அய்யோ, மேடம் சிரிக்கறாங்க! அவங்கவங்க பட்டைய கழட்டுங்க!” என்று யாரோ கூவ, மொத்த முகாமும் இலையை விட்டு எழுந்து ஓடிவந்து என் கைகளைப் பிடித்து இழுத்தது. இனி அவசரமில்லை, உத்தரவு போட்டாகிவிட்டது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கைகள் இரண்டும் வெறுமையானதும் கழுவுவதற்காக வாசலுக்குப் போனேன். மழை பிடித்திருந்தது. காலை அமளியில் ஹெலிகாப்டர்காரர்கள் மிதித்துத் தள்ளியதில் செருப்புகள் எல்லாம் தாறுமாறாகக் கிடந்தன. நீலச் செருப்பில் ஒன்று படிக்குக் கீழே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. இறங்கிப்போய் எடுத்து, துப்பட்டாவால் துடைத்து, ஜோடி சேர்த்து நடுவாசலில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறிய ஆள், “யாருதுங்க இது, வழியில?” என்றான்.

“ஆளு வருவாரு,” என்றேன். “நீங்க சுத்திப் போங்க.”